கட்டைவிரல் மட்டும் அவருடையது

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டில் தினமும் எழுத வேண்டுமாம். இன்று என்ன செய்தேன், எதை மறந்தேன், மனநிலை எப்படி என்று. என் மனநிலை எரிச்சல். எழுதிவிட்டேன்.

நோட்டைக் கொண்டுவந்த பெண்ணின் பெயர் ரெஜினா. கோவையில் மூப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மையம் ஒன்றிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் புதிதாக ஏதாவது படிக்கக் கொடுத்தால் மூளை கிழடு தட்டுவது தள்ளிப்போகுமா என்று பார்க்கிறார்களாம். பன்னிரண்டு வாரம். பெரிய போன் மாதிரி ஆளுக்கொரு டேப், ஆளுக்கொரு நோட்டு. டேப்புக்குள் ஒரு கற்பனை ஊர் இருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பி மருந்துக்கடை, தபால் ஆபீஸ், பூக்கடை போய்விட்டு வேறு வழியாக வீடு திரும்ப வேண்டும். வாரா வாரம் புதுத் தெருக்கள் சேரும். புருஷன் பெண்டாட்டியாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஒருவர் விலகினால் இரண்டு பேருக்கும் கிடையாது.

கடைசியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் சம்மதித்தேன். என் அக்கா கடைசி மூன்று வருஷம் என்னைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள். எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்வது நல்லது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பனிடம் ரெஜினா இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொல்லிவிட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள். அவர் எப்போதும் பேச்சில் மெதுவு.

படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். பத்திரப்பதிவு ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தவள் நான். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷமாக அவர் கையெழுத்தையும் நான்தான் போடுகிறேன். அவரே போட்டால் அது அவர் கையெழுத்து மாதிரி இருக்காது.

ஜூன் 4, செவ்வாய்

காலை ஆறரைக்கு டேப்பைத் திறந்தேன். மூன்று இடமும் போய்ப் பதினோரு நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். எண்பத்தாறு மார்க்.

அவர் முதல் முக்கிலேயே நின்றுவிட்டார். வலமா இடமா என்று டேப் கேட்கிறது. இவர் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தி–கோவை ரூட்டில் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர், ஒரு விபத்து கிடையாது. ஒரு பூக்கடைக்குப் போகத் தெரியவில்லை.

"இதென்ன ரோடு? ஒரு போர்டு இல்ல, ஒரு ஸ்டாப்பு இல்ல. எவன் போட்டான் இந்த ரோட்ட?" என்று டேப்பைத் தள்ளிவிட்டார்.

அதுவும் நியாயம்தான். பொம்மை ரோட்டில் எப்படி ஓட்டுவார்? பதினொரு மார்க் வந்தது.

ஜூன் 7, வெள்ளி

ரெஜினா போன் செய்தாள். "அம்மா, ஐயா மூணு நாளா டேப்பே தொறக்கலையே. இப்படியே போனா உங்க ரெண்டு பேரையும் எடுத்துருவாங்கம்மா" என்றாள். குரலில் என்ன மிரட்டல்! இத்தனூண்டு பெண்.

அவரிடம் சொன்னேன். "நீயே பாத்துக்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுக் காரைத் துடைக்கப் போய்விட்டார். காலையில்தான் துடைத்திருந்தார்.

அவருடைய டேப் அவர் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். ரேஷன் கடையில் வைக்கிற மாதிரி வந்து விரலை வைத்துவிட்டுப் போனார். மீதியை நான் செய்தேன். எழுபத்தெட்டு. படிவம் நிரப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஜூன் 16, ஞாயிறு

ஒழுங்குக்கு வந்துவிட்டது. காலையில் காபி குடித்த கையோடு அவருடைய டேப். சமையல், துணி, தண்ணீர் பிடிப்பது எல்லாம் முடித்துச் சாயங்காலம் என்னுடையது. அவருக்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு எழுபத்திரண்டு. ஊரும் ஒன்றில்லை. அவர் ஊரில் பூக்கடை கோயிலுக்கு எதிரே. என் ஊரில் குளத்துப் பக்கம். நான் என் ஊரில் கோயிலுக்கு எதிரே போய் நின்றுகொண்டு பூக்கடையைக் காணோம் என்று திட்டுகிறேன்.

அவருடைய நோட்டையும் நான்தான் எழுதுகிறேன், அவர் கையெழுத்தில். "இன்று மனம் உற்சாகமாக இருந்தது. புதிய தெருக்களைக் கற்றேன்." அதில் அவர் தங்கமான மனுஷன். உள்ளது உள்ளபடி இதில்.

ஜூன் 25, செவ்வாய்

தயிர் வாங்கப் போனவர் மூன்று தடவை போய் மூன்று பாக்கெட் வாங்கி வந்தார். "இப்பத்தானுங்க வாங்கிட்டு வந்தீங்" என்றால் என்மேல் பாய்கிறார்.

சாப்பிடும்போது "மாரப்பா, கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். மாரப்பன் அவருக்கு இருபது வருஷம் கண்டக்டராக இருந்தவர். செத்துப் பத்து வருஷமாகிறது. நாற்பத்தொரு வருஷம் பொங்கிப் போட்டவளின் பெயர் வாயில் வரவில்லை, கண்டக்டர் பெயர் வருகிறது. ரசத்தை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வாய் தவறியது. வேறொன்றும் இல்லை.

ஜூலை 6, சனி

அவருக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு அறுபத்தொன்று. கண் எரிகிறது.

ஜூலை 15, திங்கள்

ரெஜினா தாளில் கோடு போட்டுக் கொண்டுவந்தாள். அவருடைய கோடு பதினொன்றில் ஆரம்பித்து மலை ஏறுகிறது. என்னுடையது படிப்படியாக இறங்குகிறது.

"ஐயா, எங்க முகுந்தன் டாக்டர் அசந்துட்டார். நூத்தறுபது பேர்ல நீங்கதான் முதல்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு பார்வை என் பக்கம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "ரூட்டு பழகற வரைக்கும்தாம்மா கஷ்டம். பழகிருச்சுன்னா கை தன்னால போகும்" என்று பாடம் நடத்துகிறார்! எனக்கு உச்சந்தலை கொதித்தது.

அப்புறம் அவள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் அக்காவிடம் எல்லோரும் பேசிய குரல். "அம்மா, உங்களுக்குத்தான் கொஞ்சம்... பயப்படாதீங்க. டாக்டர் உங்க பொண்ணுகிட்ட பேசறேன்னு சொன்னார்."

அவள் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங், உங்களுக்கு வெக்கமா இல்லையா? ஒரு நாளாவது நீங்க செஞ்சீங்களா?"

"நான் செய்யாம எவன் செஞ்சான்? தெனமும் காத்தால வெரல் வெச்சு செய்யறேனே, நீ பாக்கறதில்ல?" என்றார்.

பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் பதிய வந்தவர்களின் முகத்தைப் பார்த்தவள். இந்த முகம் பொய் சொல்லவில்லை.

சாமான் நிறையக் கிடந்தது. தேய்த்து முடிக்க நேரமாகிவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

மகள் யமுனா சரவணம்பட்டியிலிருந்து வந்திறங்கினாள். வந்ததும் வராததுமாக காஸ் சிலிண்டரின் வாயை அடைத்துவிட்டுக் கரண்ட் அடுப்பு ஒன்றை மேடையில் வைத்தாள்.

"அம்மா, நீ தனியா காஸ் பத்த வெக்காத. பேங்க் புஸ்தகம், பீரோ சாவி எல்லாம் அப்பாகிட்ட இருக்கட்டும். பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். சொல்லும்போதே அழுகிறாள்.

பீரோ சாவியை அவர் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். "இனிமே நீ எதுக்கும் அலட்டிக்காத அம்மிணி. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொள்கிறாராம்! அவருக்கு மூளை, எனக்கு மறதி. சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் திருட்டுத்தனமாக எழுதிக் கொடுத்தவள் என்று ஆகும். ஸ்கேனும் போய்விடும். அதோடு, அவருக்கு என்ன என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை நான் கேட்கத் தயாராக இல்லை.

கரண்ட் அடுப்பில் வைத்த குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அந்த மலையேறுகிற தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் தெரு டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்கவில்லை. "எழுவத்திமூணு வயசுல இப்படி ஒரு மூளையா! எனக்கே இல்லீங்களே!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து புதுப்பிக்கிற படிவத்தையும் நிரப்பினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காரில் சரவணம்பட்டி போனோம். ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று எழுதியது பொய். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

புளியம்பட்டியில் பஸ் ஸ்டாப் பக்கம் வந்ததும் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்தேன். கை ஸ்டீயரிங்கில், கண் கண்ணாடியில். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தள்ளுகிறான்.

"ஏனுங், ஏன் நிறுத்திட்டீங்?"

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார்.

"யாரு ஏறோணும்? நாம ரெண்டு பேர்தானே?"

"நேரமாச்சு மாரப்பா. ரைட் குடு."

விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. லாரிக்காரன் இறங்கி வந்துவிடுவான் போலிருந்தது. "ரைட்" என்றேன். உடனே கியரைப் போட்டுக் கிளம்பினார். ஓட்டுவதில் ஒரு குறை இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வளைவு தெரிகிறது, மேடு தெரிகிறது, எந்தக் காலத்தில் ஓட்டுகிறோம் என்பது தெரியவில்லை.

அன்னூரில் நிறுத்தினார். ரைட் சொன்னேன். இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தினார். ரைட் சொன்னேன். கோவில்பாளையம் வருவதற்குள் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. இந்த மனுஷனுக்காக நான் காஸ் அடுப்பை இழந்து, சாவியை இழந்து, பைத்தியக்காரப் பட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவருக்கு நான் மாரப்பன்! வெளியே பார்க்காமலேயே "ரைட் ரைட்!" என்று கத்தினேன்.

காருக்கு முன்னால் ஒரு பெண் பால் கேனோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என் ரைட்டை மட்டும்தான் கேட்டார். கார் நகர்ந்தது. "ஐயோ!" என்றேன். நிற்கவில்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றேன். நிற்கவில்லை. என் வாயில் எப்படி வந்தது என்று தெரியாது, "ஓல்டான்!" என்று அலறினேன். பஸ்ஸை நிறுத்த கண்டக்டர் போடுகிற சத்தம். ஆணி அடித்தது போலக் கார் நின்றது. பால் கேனுக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

அந்தப் பெண் பானெட்டில் ஓங்கி அடித்தாள். "கண்ணு தெரியாத கெழவனுக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?" என்று கேட்டாள்.

யார் கொடுத்தது? நான்தான். தொண்ணூற்றாறு மார்க்கும் என்னுடையது.

வயிற்றுவலி என்று சொல்லி, திரும்பி வரும்போது மருமகனை ஓட்டி வரச் சொன்னேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கண்ணாடியைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கார் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன்.

காலையிலிருந்து வீட்டைப் புரட்டிப் போட்டார். அப்புறம் யமுனாவுக்குப் போன். "உங்கம்மா சாவிய எங்கியோ வெச்சுப்போட்டு மறந்துட்டா. கேட்டாச் சண்டைக்கு வர்றா." ஸ்பீக்கரில் யமுனா சொல்கிறாள்: "விடுங்கப்பா. அம்மாகிட்ட கோவிச்சுக்காதீங்க, பாவம். டூப்ளிகேட் என்கிட்ட இருக்கு. அடுத்த தடவை பாக்கறப்பத் தர்றேன்."

பாவமாம். நான் பாவமாம்!

ஆகஸ்ட் 20, செவ்வாய்

யமுனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் குளிக்கும்போது போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டேப், கட்டைவிரல், மாரப்பன், பால் கேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா... டாக்டர் எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தார். தனக்கு இருக்கறத அடுத்தவங்களுக்கு இருக்குன்னு சொல்லுவாங்கன்னு. நீ மனசப் போட்டு உழப்பிக்காத."

போனை வைத்துவிட்டேன். நான் போட்ட கோட்டுக்குள்ளேயே என்னை மூடிவிட்டார்கள். பெற்ற மகள் நம்பவில்லை. ஒரு மணி நேரம் அழுதேன். அழுது முடித்து அவர் டேப்பைச் செய்தேன். தொண்ணூற்றேழு. ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பழக்கம்.

ஆகஸ்ட் 24, சனி

ரெஜினா வந்தாள். வியாழக்கிழமை கோவையில் கடைசிப் பரீட்சையாம். அங்கேயே பெரிய திரையில், எல்லோர் முன்னாலும். வெளியூர் டாக்டர்கள் வருகிறார்கள். முகுந்தன் டாக்டர் ஐயாவை அவர்களுக்குக் காட்டப்போகிறார். கார் அனுப்புவார்கள். அங்கே யமுனாவும் வருகிறாள்.

"அம்மா, நீங்க வேணும்னா வீட்டுல இருந்துக்கங்க. அலைச்சல் வேணாம்" என்றாள்.

நாள் முழுக்க யோசித்தேன். அவருக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவர் மானம் தப்பும். முப்பத்தொரு வருஷம் விபத்தில்லாத டிரைவர், நூற்றறுபது பேரில் முதல் ஆள் என்றே இருந்துவிட்டுப் போவார். நான் மறதிக்காரியாக இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் யமுனாவிடம் இன்னொரு சாவி இருக்கிறது. அடுத்த பால் கேனுக்கு நான் பக்கத்தில் இருப்பேனா?

ரெஜினாவுக்குப் போன் செய்து நானும் வருகிறேன் என்று சொன்னேன். அவருடைய டேப்பை இன்று தொடவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது.

குளிர்கிற அறை. இருபது பேர். வாசலிலேயே யமுனா அப்பாவின் சட்டைப் பையில் டூப்ளிகேட் சாவியைப் போட்டாள், என் கண் முன்னாலேயே. முகுந்தன் டாக்டர் இங்கிலீஷில் ஏதேதோ சொல்லி அவரை முன்னால் உட்கார வைத்தார். நான் அவருக்கு நேர் பின்னால்.

திரையில் அந்த ஊர் வந்தது. பன்னிரண்டு வாரமாக நான் நடந்த ஊர். கண்ணை மூடிக்கொண்டு போவேன். நேரே போய் இரண்டாவது முக்கில் வலம், கோயிலுக்கு எதிரே பூக்கடை.

அவர் விரலைத் தூக்கினார். தூக்கியபடியே இருந்தார்.

"அவசரமில்லைங்க ஐயா, மெதுவா" என்றார் டாக்டர்.

அவர் நிமிர்ந்து திரைக்கு மேலே பார்த்தார். பஸ்ஸில் கண்ணாடி இருக்கிற இடம். பின்னாலிருந்து வரும் குரலுக்குக் காதைத் தீட்டிவிட்டார் என்பதை அவர் கழுத்திலிருந்தே கண்டுகொண்டேன். "ஏறியாச்சா?" என்றார். பிறகு சத்தமாக, "மாரப்பா, ரைட் குடு."

யாரோ சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், ஐயா வேடிக்கை செய்கிறார் என்று. யமுனா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

ரைட் என்று ஒரு வார்த்தை. சொன்னால் விரலை எங்காவது வைப்பார். பின்னாலிருந்து வலம், இடம் என்று முணுமுணுத்தால் போதும், வீடு வரைக்கும் கூட்டி வந்துவிடுவேன். நாற்பத்தொரு வருஷமாக அதைத்தானே செய்தேன். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முழுங்கினேன்.

"ரைட் குடு மாரப்பா. ஜனங்க சத்தம் போடறாங்க." குரல் உடைந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில்! எனக்கு அவர்மேல் இருந்த அத்தனை ஆத்திரமும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் திரும்பியது. என்மேலும்தான்.

எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஓல்டான்" என்றேன். மெதுவாகத்தான்.

கையை எடுத்துவிட்டார்.

"வண்டி இதோட சரிங்க. இனிப் போகாது. டிப்போவுக்கு வந்துட்டோம்."

"டூட்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

பெருமூச்சு விட்டார். சட்டைப் பையில் கையை விட்டு யமுனா போட்ட சாவியை எடுத்தார். டிரைவர்கள் டிப்போவில் ஒப்படைப்பார்களே, அதே மாதிரி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். யமுனா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். அப்புறம் பிடித்துக்கொள்ளட்டும்.

பக்கத்து அறையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? எங்க ஆராய்ச்சியையே கெடுத்துட்டீங்க! ரெண்டு பேரோட கணக்கும் குப்பையில போச்சு!"

"ஆமாங், தப்புத்தான். நான் ஏமாத்துனேன்" என்றேன். "பன்னெண்டு வாரத்துல ஒரு நாளாவது அவரை நேர்ல உக்கார வெச்சுப் பாத்தீங்களா? வெரலைப் பாத்தீங்க, கோட்டப் பாத்தீங்க. நான் அவரோட நாப்பத்தொரு வருசம். நானே பாக்கலையே, உங்களைச் சொல்லி என்ன?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரெஜினாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஐயாவுக்கு இன்னைக்கே ஸ்கேன் எடுத்துரலாம்மா. ஆராய்ச்சிக்கு இல்ல, வைத்தியத்துக்கு" என்றாள். கெட்டிக்காரி. எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது ஒரே வரி: ரொம்ப நாளாகவே இருக்கிறது.

ரொம்ப நாளாகவே.

செப்டம்பர் 2, திங்கள்

ரெஜினா ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். டேப்பையும் நோட்டுகளையும் வாங்கிப்போக வந்திருக்கிறாள். காபி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுகிறேன்.

இந்த நோட்டைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. படிக்கட்டும். படிக்கிறவர்களைத் திட்டித்தான் எழுதியிருக்கிறேன், அதையும் படிக்கட்டும்.

அவருக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். போனதைக் கொண்டுவராதாம், போவதைக் கொஞ்சம் மெதுவாக்குமாம். ஜூனிலேயே ஆரம்பித்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்குக் கணக்குத் தெரியும்.

என் தலையை இன்னும் பார்க்கவில்லை. வருகிற வியாழன் காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை செய்து களைத்துப்போய் இல்லாமல், தூங்கி எழுந்த தலையோடு, என் ஊரில் மட்டும் நடக்க வேண்டும். என் கோடு இறங்கியது இரண்டு ஊரைச் சுமந்ததாலா, இல்லை என் அக்காவுக்கு வந்ததுதானா என்று அன்றைக்குத் தெரியும். முதல் நாள் பயமில்லை என்று எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் வந்துவிட்டால் இந்த வீட்டில் ஓல்டான் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அவர் நோட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. காலையில் பேனாவைக் கையில் கொடுத்து, "நீங்களே எழுதுங்" என்றேன். எதை எழுதுவது என்று கேட்பார், நான் கத்துவேன் என்று நினைத்தேன். கேட்கவில்லை. குனிந்து கோடு போட்டுக் கட்டம் கட்டினார். டிரிப் முடிந்ததும் எழுதுகிற தாள் மாதிரி. அரை மணி நேரம் ஆயிற்று. எழுத்து கோணல் மாணலாக, கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

தடம்: சத்தி – கோவை.
ஓட்டுநர்: சென்னியப்பன்.
நடத்துநர்: வசந்தாமணி.
விபத்து: இல்லை.

என் பெயர்தான். மாரப்பன் இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஒன்றும் போடாமல் பேனாவை என்னிடம் நீட்டினார். வழக்கம் போல நானே போட்டுவிடுவேன் என்று. பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டேன். அந்த இடம் காலியாகவே போகட்டும்.